எழுபத்திரண்டு மணி நேரம்

அத்தியாயம் 14

கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. அதை எத்தனை தரம் படித்தாள் என்று கேட்டால் தேவசேனாவுக்கே தெரியாது. அடுத்த தரம் படிக்கும்போது ஏதாவது ஒரு வரி மனசு மாறியிருக்கும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. இங்கிலீஷ் கடிதங்களுக்கு அப்படிப்பட்ட நல்ல குணம் கிடையாது.

போன வாரம் விட்டுவிட்டவர்களுக்காக: புத்தூர் வட்டார மகளிர் மாட்டுக் காப்புச் சங்கத்துக்கு அவள் செயலாளர். ஆந்திராவில் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தில் நானூறு குடும்பங்கள் வருஷா வருஷம் மாட்டுக்கு இவ்வளவு என்று கட்டுகின்றன. மாடு செத்தால் சங்கம் பணம் தரும். போன கார்த்திகைப் புயலில் முப்பத்தாறு மாடுகள் போயின. கொடுக்க வேண்டியது பதினாறு லட்சம். சங்கத்தின் கையிருப்பு ஆறு லட்சத்து இருபதாயிரம்.

அப்போதுகூட யாரும் பயப்படவில்லை. சங்கத்துக்கு மேலே ஒரு கம்பெனி இருக்கிறது. சங்கம் தன்னையே அங்கே இன்சூர் செய்து வைத்திருக்கிறது. பெண்கள் அதை 'மேல் கம்பெனி' என்பார்கள். ஒரு பேரிடர் வந்தால் முதல் ஆறு லட்சம் சங்கத்தின் கைப்பொறுப்பு. அதைத் தாண்டிப் போவது மேல் கம்பெனியின் பாடு. பதினாறில் ஆறு நாம், பத்து அவர்கள். அவ்வளவுதானே என்று இருந்தார்கள்.

அவ்வளவுதான் இல்லை என்றது கடிதம். ஒப்பந்தப்படி, தொடர்ந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் செத்த மாடுகளைத்தான் ஒரே பேரிடர் என்று சேர்க்க முடியும். உங்கள் முதல் சாவு செவ்வாய், மூன்று மணி. ஊர் ஏரி உடைந்து இருபது மாடுகள் போனது வெள்ளி, ஏழு மணி வாக்கில். நாலு மணி நேரம் தாண்டிவிட்டது. ஆகவே நடந்தது ஒன்றல்ல, இரண்டு பேரிடர். முதலாவது ஏழு லட்சம், அதில் ஆறு உங்களுடையது. இரண்டாவது ஒன்பது லட்சம், அதிலும் ஆறு உங்களுடையது.

பன்னிரண்டு லட்சத்துக்குச் சங்கம் எங்கே போகும்? பாதிக் குடும்பங்களிடம் கையை விரிக்க வேண்டியதுதான். கையை விரித்த சங்கத்துக்கு அடுத்த வருஷம் யாரும் ஒரு ரூபாய் கட்டமாட்டார்கள்.

இதில் ஒரு கூடுதல் கசப்பு. அந்த எழுபத்திரண்டு மணி நேரத்தை, இன்சூரன்ஸ் வேலையில் இருந்தபோது, ஒப்பந்தத்தில் எழுதியவர் சிவசங்கரன். அவளுடைய புருஷன்.

புத்தூர் ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள் மகள் தரணி. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை. மேல் கம்பெனியோடு பேசத் திருப்பதி போகிற அம்மாவை வண்டியேற்றுவதற்காகவே ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"நைனா அங்க வந்து நின்னுக்கினு இருப்பாரு. ஸ்டேஷன்லயே சண்டையை ஆரம்பிக்காத."

"நான் இன்னாத்துக்கு சண்டை போடப்போறேன்? ரெண்டு வருஷமா நாங்க பேசினதே 'துன்னீங்களா', 'துன்னேன்'. அதுல எங்க கீது சண்டை?"

"அதாம்மா சண்டை," என்றாள் தரணி.

பெண்பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் இப்படித்தான், வாயைத் திறக்க விடமாட்டார்கள். தேவசேனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. இதே வண்டியில் பத்தொன்பது வருஷம் சிவசங்கரன் திருப்பதி ஆபீஸுக்குப் போய் வந்தார். காலையில் அவள் கட்டிக் கொடுத்த டப்பாவோடு போவார். சாயங்காலம் காலி டப்பாவும் ரேணிகுண்டாவில் வாங்கிய ஏதாவது ஒரு பொட்டலமும் வரும். வேர்க்கடலை, இல்லையென்றால் கொய்யா. ஒருநாள்கூட வெறுங்கையோடு வந்ததில்லை. அன்றைக்கெல்லாம் அதை ஒரு விஷயமாகவே அவள் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது யாராவது பக்கத்து சீட்டில் கொய்யாவை நறுக்கினால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

அதற்கும் முந்தி சித்தூர். கல்யாணமான புதிதில் கொங்காரெட்டிப்பள்ளியில் ஓட்டு வீடு, மழை வந்தால் மூன்று இடத்தில் ஒழுகும். ஒரு மழைநாளில் அவரைக் கேட்டாள்: "ஆபீஸ்ல நீங்க இன்னாதான் பண்றீங்க? ரீ-இன்சூரன்ஸ்னு சொல்றீங்க, ஒண்ணும் புரியலியே."

அவர் எழுந்து போய்ச் சமையல்கட்டிலிருந்து ஒரு சின்னக் குண்டானையும் பெரிய அண்டாவையும் எடுத்து வந்தார். அண்டாவுக்குள் குண்டானை வைத்து, ஒழுகுகிற இடத்துக்கு நேராகத் தள்ளினார்.

"குண்டான் சின்ன கம்பெனி. அது நிரம்பற வரைக்கும் அதோட பாடு. வழிஞ்சா அண்டா வாங்கிக்கும். அண்டா பெரிய கம்பெனி."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். ஆனா அண்டாக்காரன் ஒரு கேள்வி கேப்பான். இது ஒரே மழையா, ரெண்டு மழையா? ரெண்டு மழைன்னா குண்டானைக் காலி பண்ணிட்டு மறுபடி வைக்கணும். மறுபடி நிரம்பினாத்தான் அவனுக்கு ஒரு சொட்டு போவும்."

"நடுவுல ஒரு காபி குடிக்கிற நேரம் மழை நின்னா?"

"அந்த வழக்கே வரக்கூடாதுன்னுதான் மணிக்கணக்கு வெச்சிருக்காங்க. இத்தனை மணி நேரத்துக்குள்ள பெஞ்சா ஒரே மழை."

அன்றைக்கு மழை நிற்கவே இல்லை. இரண்டு பேரும் காபியை வைத்துக்கொண்டு, குண்டான் எப்போது வழியும் என்று பந்தயம் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஜெயித்தாள். ஒழுகுகிற வீட்டில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோமே என்று ரயிலில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டாள். ஒழுகாத வீடு வந்த பிறகு என்ன ஆயிற்று நமக்கு?

என்ன ஆயிற்று என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்றதும் அவர் திருப்பதியில் ஒரு ஃபிளாட் வாங்கினார். கிரகப்பிரவேசத்தன்று சத்தியவேட்டில் ஒரு கன்றுக்குட்டி செத்து, தேவசேனா அங்கே போய்விட்டு மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வந்து சேர்ந்தாள். "உனக்கு மாடுதான் முக்கியமா?" என்றார் அவர். "ஆமா," என்றாள் அவள். அந்த 'ஆமா'வை அவளும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, அவரும் மறக்கவில்லை. அவர் திருப்பதி, அவள் புத்தூர்.

பையிலிருந்து நோட்டை எடுத்தாள். ஒப்பந்தத்தில் சங்கத்துக்குச் சாதகமாக ஒரு வரி உண்டு: எழுபத்திரண்டு மணி நேரத்தை எங்கே ஆரம்பிப்பது என்பதைச் சங்கமே தீர்மானிக்கலாம். ஒன்பது நாளாக அவள் அந்த ஆரம்பத்தை முன்னேயும் பின்னேயும் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாளே மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள், நகரிப் பக்கம் ஓடை பெருகிப் பன்னிரண்டு மாடுகள் போயின. ஏரி உடைப்பைப் பிடிக்க ஆரம்பத்தைத் தள்ளினால் இந்தப் பன்னிரண்டும் வெளியே விழும். அவை மட்டும் ஐந்து லட்சத்து இருபதாயிரம். ஆறைத் தொடாததால் முழுக்கச் சங்கத்தின் தலையில். எப்படி வைத்தாலும் கைப்பொறுப்பு பதினொரு லட்சத்து இருபதாயிரத்துக்குக் கீழே இறங்க மறுத்தது.

நோட்டை மூடினாள். ரேணிகுண்டா தாண்டிவிட்டது.

சிவசங்கரன் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். இளைத்திருந்தார். சட்டை துவைத்திருந்தது, இஸ்திரி போடவில்லை. வருஷக்கணக்காக அவளே மடித்து வைத்த சட்டை என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"வந்துட்டியா."

"வந்துட்டேன்."

"துன்னியா?"

"துன்னேன்."

தரணி சொன்ன சண்டை முறைப்படி ஆரம்பித்துவிட்டது.

ஆட்டோவில் தேவசேனாவால் அடக்க முடியவில்லை. "இந்த மணிக்கணக்கை நீங்கதானே எழுதினீங்க? நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் ஆவுமான்னு யோசிச்சீங்களா?"

"அது இல்லாம எவனும் மேல உக்கார ஒத்துக்கமாட்டான் தேவசேனா. உலகம் பூரா அப்படித்தான்."

"உலகத்துக்கு இன்னா, மாட்டைப் பறிகொடுத்த கன்னியம்மா கிட்ட அது பதில் சொல்லணுமா?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆட்டோ பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஆபீஸ் வாசலில் போய் நின்றது.

மேல் கம்பெனியின் சார்பில் ஹைதராபாத்திலிருந்து வந்திருந்தவள் பெயர் ஸ்வர்ணலதா. நாற்பது வயசிருக்கும். பிறந்தது சித்தூரில் என்பதால் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வரும். மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் முகத்தில் சிரிப்பை முன்பணமாகக் கொடுக்கிற வழக்கம் இல்லை.

"சிவசங்கரன் காரு, நீங்க எழுதின ஒப்பந்தம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. வரிசையா ஒரு தடவை படிச்சிடறேன், சங்கம் தரப்புல ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க. இல்லாட்டி இன்னைக்கே முடிச்சிடலாம்."

லாப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு முதல் வரியைத் தெலுங்கில் படித்தாள். "கன்னியம்மாள், ஒரு பசு. மங்களவாரம், தெல்லவாருஜாமு மூடு கண்டலு."

செவ்வாய்க்கிழமை, விடிகாலை மூன்று மணி.

தேவசேனா நிமிர்ந்தாள். ஒன்பது நாளாகக் கண்ணால் படித்ததெல்லாம் 'செவ்வாய், மூன்று'. அவள் நோட்டிலும் செவ்வாய், மூன்று. இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததால் சந்தேகமே வரவில்லை. காதால் கேட்டபோதுதான் உறைத்தது.

"மேடம், கொஞ்சம் இருங்க. செவ்வாய்க்கிழமை விடிகாலைன்னா, திங்கக்கிழமை போய் விடியற நேரமா?"

"அவுனு, ஆமா. அதே கதா?"

"அது இல்லீங்க மேடம். நான் எழுதினது செவ்வா ராத்திரி மூணு மணி. செவ்வாக்கிழமை பொழுது போயி, விளக்கு வெச்சு, துன்னுட்டுப் படுத்த அப்பால வர்ற மூணு மணி."

"அது புதவாரம் ஆச்சேம்மா. புதன்கிழமை."

"விடியலியே மேடம். விடிஞ்சாத்தானே புதன்?"

சிவசங்கரன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"மேடம், எங்க பொண்ணு பொறந்தது ராத்திரி ரெண்டு மணிக்கு," என்றார் மெல்ல. "ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டுல வியாழன். இவங்க வூட்டுல கேட்டா புதன். ரெண்டு பக்கமும் விட்டுக் கொடுக்கல. சித்தூர்ல இருந்த வரைக்கும் வருஷா வருஷம் ரெண்டு நாளும் பாயசம். இவங்களுக்கு விடியற வரைக்கும் நேத்துதான்."

பாயசத்தை அவர் ஞாபகம் வைத்திருப்பார் என்று தேவசேனா எதிர்பார்க்கவில்லை. சட்டென்று கண் கலங்கியது. லாப்டாப்பைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

"இந்தப் படிவத்தை அச்சுப் போட்டது நான்," என்று தொடர்ந்தார் அவர். "கிழமை, மணி. ரெண்டு கட்டம்தான் விட்டிருக்கேன். தேதியும் கேக்கல, காலையா ராத்திரியான்னும் கேக்கல. இவங்களோடயே குடும்பம் நடத்தினவன் நான், எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தப்பு என்னுது."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் இந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை அவர் வாயிலிருந்து அவள் கேட்டது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

ஸ்வர்ணலதா பேனாவைக் கீழே வைத்தாள். "நான் நம்பறேனா இல்லையாங்கறது வேற. முடிவு வந்த அப்புறம் நாளை மாத்தறாங்கன்னு எங்க ஹெட் ஆபீஸ்ல சொல்லுவாங்க. எனக்குக் காகிதம் வேணும்."

மாடு செத்ததற்குக் காகிதம் இருக்கும். செவ்வாய்க்கிழமை பகலில் அது உயிரோடு இருந்ததற்கு யார் காகிதம் வைத்திருப்பார்கள்? தேவசேனா போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"கன்னியம்மா, நான்தான். உங்கிட்ட இருந்தது ஒரே மாடுதானே?"

"அதைத் தின்னுட்டுப் போச்சே மழை. இன்னாக்கா, பணம் வராதுன்னுட்டாங்களா?"

"அதை அப்பால சொல்றேன். பால் சென்டர்ல மிஷின் சீட்டு குடுப்பாங்களே, அதைக் கடாசிட்டியா?"

"இன்னாத்துக்குக் கடாசறேன்? லிட்டர் குறைச்சுப் போட்டா சண்டை போட வேணாமா? கம்பில குத்தி வெச்சிருக்கேன். போன தீவாளிச் சீட்டுகூட கீது."

"புயல் வந்த வாரம், செவ்வாக்கிழமைச் சீட்டை போட்டோ புடிச்சு அனுப்பு. இப்பவே."

பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷத்தில் ஆபீஸில் டீ வந்தது, ஒருவரும் தொடவில்லை. பிறகு போன் இரண்டு தரம் சிணுங்கியது. இரண்டு சீட்டு. இரண்டிலும் மிஷின் அடித்த தேதி, மணி. செவ்வாய் காலை ஆறு பன்னிரண்டு, நாலு லிட்டர். செவ்வாய் மாலை ஐந்து நாற்பது, மூன்றரை லிட்டர்.

ஸ்வர்ணலதா போனை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தத் தேதியைக் காலண்டரில் சரிபார்த்தாள்.

"மூணு மணிக்குச் செத்த மாடு ஆறு மணிக்குப் பால் குடுக்காது," என்றாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

கணக்கைத் திருத்த ஆரம்பித்தாள். புதன் விடிகாலை மூன்றிலிருந்து சனி விடிகாலை மூன்று வரை. ஏரி உடைந்தது வெள்ளி காலை ஏழு. நல்ல வெளிச்சத்தில், ஊரே பார்த்து நின்றது. அதன் நாளில் குழப்பமே கிடையாது. உள்ளே வந்துவிட்டது. பன்னிரண்டு உள்ளே. நடுவில் செத்த நாலு உள்ளே. ஒரே பேரிடர், ஒரே ஒரு ஆறு லட்சம்.

தேவசேனாவின் கண் அந்த நாலில் கடைசி வரியில் நின்றது. 'வெள்ளி, நாலு மணி.' லாப்டாப்பில் அது வெள்ளிக்கிழமை விடிகாலை என்று ஏறியிருந்தது. ஸ்வர்ணலதா அதைத் தொடாமலே பக்கத்தை நகர்த்திவிட்டாள்.

அதை எழுதியதும் அவள்தான். அதுவும் விடியாத நாலு மணிதான்.

சொல்லாமல் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஒரு மாடு, நாற்பத்தைந்தாயிரம். சொன்னால் அது வெளியே விழும். சங்கத்தில் அதற்குப் பணம் போதாது. நானூறு குடும்பங்களின் காரியம் நல்லபடியாக முடிகிற நேரத்தில் நாக்கை வைத்துக்கொண்டு சும்மா இரேன் என்று அவளே அவளைத் திட்டினாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்துவிட்டது.

"மேடம், கடைசி வரியையும் பாருங்க. அது வெள்ளி ராத்திரி நாலு மணி. முதல் வரியை எப்படி எழுதினேனோ அப்படியேதான் அதையும் எழுதினேன்."

ஸ்வர்ணலதா அவளையே பார்த்தாள். "அப்போ அது சனிக்கிழமை."

"ஆமா. ஒரு மணி நேரம் வெளிய போவுது."

"தேவசேனா," என்றார் சிவசங்கரன், மெதுவாக. பிறகு ஆபீஸ் புத்தி முன்னால் வந்தது. "மேடம், ஆரம்பத்தை ஒரு மணி நேரம் தள்ளி, நாலுலேருந்து வெச்சா அது உள்ள வருமே?"

"வரும். ஆனா புதன்கிழமை மூணு மணிக்கே மூணு மாடு இருக்கு. அது வெளிய போகும். ஒண்ணுக்காக மூணு. உங்களுக்கு நஷ்டம்." அவள் கால்குலேட்டரைத் தட்டினாள். "தனியா நிக்கற ஒரு மாடு ஆறு லட்சத்தைத் தொடாது, முழுசா உங்களோடது. ஆறு லட்சமும் நாப்பத்தஞ்சாயிரமும் சங்கம். ஒன்பது லட்சத்து அம்பத்தஞ்சாயிரம் நாங்க. உங்க கையிருப்புல இருபத்தஞ்சாயிரம் குறையுதேம்மா. யாரோட மாடு?"

"அதை நாங்க பாத்துக்கறோம். எங்க விதியில செயலாளர் வூட்டு மாட்டுக்குக் கடைசியாத்தான் பணம். மிஞ்சறது இருபதாயிரம் போதும்." சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

சிவசங்கரன் திரும்பினார். "செயலாளர் வூட்டு மாடா?"

லாப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக் கடைசி வரியில் இருந்த காது டேக் நம்பரைப் பார்த்தார். அந்த நம்பர் அவருக்கு மனப்பாடம். டேக் குத்தும்போது காதைப் பிடித்துக்கொண்டு நின்றவரே அவர்தான். ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் சந்தையில் தானே பார்த்து, தரகரோடு முக்கால் நாள் மல்லுக்கட்டி வாங்கி வந்த சிவப்புக் கிடாரி. ஞாயிற்றுக்கிழமைகளில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குளிப்பாட்டுவார். அது அவர் தோளை நக்கும்.

"சிங்காரியா?" என்றார்.

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

ஸ்வர்ணலதாவுக்கு என்ன புரிந்ததோ, லாப்டாப்பை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அம்மா, ஒண்ணு சொல்றேன். பால் சீட்டு ஒருத்தர் வீட்டு மாட்டுக்குத்தான் இருக்கு. அன்னிக்குச் செத்த மத்த பதினோரு மாட்டுக்கும் உங்க வார்த்தைதான் சாட்சி. அதை எப்படி எழுதறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இப்போ யோசிக்க வேண்டியதில்ல. தனக்கு எதிரா இருந்த வரியையும் செயலாளரே திருத்தினாங்கன்னு எழுதறேன்."

காகிதம் அச்சாகி வந்தது. தேவசேனா தமிழில் கையெழுத்துப் போட்டாள். எழுந்திருக்கும்போது ஸ்வர்ணலதா ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாள்.

"ஏப்ரல்ல ஒப்பந்தம் புதுப்பிக்கணும் கதா? இந்த நஷ்டத்துக்கு அப்புறம் கைப்பொறுப்பு ஆறுல நிக்காது. ஒன்பது கேப்பாங்க. இப்பவே வழி பாருங்க."

கையிருப்பைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டே மாசத்தில் ஒன்பது லட்சத்துக்கு என்ன வழி? அதைப் பிறகு நினைத்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தாள். மாடிப்படியிலேயே நின்று கன்னியம்மாளுக்குப் போன் செய்தாள்.

"வருதுடி. முழுசா வருது. எல்லாருக்கும் சொல்லு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "நீ மத்தியானம் துன்னியாக்கா?" என்றாள் கன்னியம்மாள்.

சாயங்கால வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வண்டி அங்கேயே புறப்படுவது. காலியாக வந்து நின்றிருந்தது. சிவசங்கரன் இரண்டு காபி வாங்கி வந்தார். அவளுடையதில் சர்க்கரை குறைவு. சொல்லாமலே.

"எப்படிப் போச்சு?" என்றார்.

எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். "கொட்டாய் சுவர் மேல விழுந்துது. நல்லாத்தான் இருந்துது வெள்ளிக்கிழமை பூரா. வைத்தியரும் வந்து பாத்தாரு. ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. தலையை மடியில வெச்சுக்கினு உக்காந்திருந்தேன். அவ்ளோதான்."

"தனியாவா?"

"தரணிக்கு ஷிப்ட். வண்டியெல்லாம் நின்னு போச்சு, அங்கேயே தங்கிட்டா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"போன் பண்ணினேனே."

அவர் காபியைக் கீழே வைத்தார். தேவசேனா அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "நாலு மணிக்கு அடிச்சா யாரு எடுப்பாங்க? தூங்கியிருப்பீங்க. காலைல நீங்க கூப்பிட்டப்போ சொல்லணும்னுதான் நெனைச்சேன். குரலைக் கேட்டதும் வரல. சும்மாதான் கூப்பிட்டேன்னு சொல்லிட்டேன். வுடுங்க."

அவருக்காக அவளே கதவைத் திறந்து வைத்திருந்தாள். தூக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் பேசாமல் அதன் வழியாகப் போயிருக்கலாம். இரண்டு பேரும் மறந்துவிட்டிருப்பார்கள். வண்டியிலிருந்து யாரோ ஒரு குழந்தை ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது.

"தூங்கல," என்றார் சிவசங்கரன்.

அவள் திரும்பினாள்.

"முழிச்சுக்கினுதான் இருந்தேன். போன் கையிலதான் இருந்துது. உன் பேரைப் பாத்தேன், தேவசேனா. நின்னு போற வரைக்கும் பாத்துக்கினே இருந்தேன். எடுக்கல."

கார்டு விசிலை ஊதினார். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கிப் புறப்பட்டது. பெட்டிகள் ஒவ்வொன்றாக அவர்களைக் கடந்து போயின.

தேவசேனா எழுந்திருக்கவில்லை. தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.